இன்னும் தண்ணி ஊத்தலை

குளிப்பாட்ட மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன் தம்பி? இப்ப மாட்டேன்னுதான் சொன்னேன். அதுக்குள்ள அந்த முகர்ரம் ஓடி வந்து உங்ககிட்ட ஒண்ணுக்கு ரெண்டா வச்சுட்டாளாக்கும். இமாமையே அனுப்பிட்டா இந்தக் கிழவி வாயைப் பொத்திக்கிட்டு வேலையைப் பார்ப்பான்னு நினைச்சிருக்கா. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. பெரிய மதரஸாவுல ஏழு வருஷம் படிச்சுட்டு வந்தவரு நீங்க. ஆனா இந்தக் கதவை விட்டு நான் நகர்றதா இல்ல. உள்ள நஃபிசா கிடக்கா. முகர்ரமோட மருமக, இருபத்தி மூணு வயசு. நீங்க எல்லாரும் படுற அவசரம் அவளுக்கு இல்ல.

தெரியுது, தெரியுது. முதல்ல மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அடக்கம்னாங்க. அது போச்சு. இப்ப சாயங்காலம் அஸருக்குன்னு சொல்றீங்க. கபர் குழி வெட்டியாச்சு, கஃபன் துணி கிழிச்சாச்சு, வாசல்ல ஆம்பளைங்க துக்கத்துக்கு இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு வரிசையா நிக்கிறாங்க, வெயில் வேற கொளுத்துது. எல்லாம் எனக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷமா மர்கிலான்ல இதே வேலைதானே பார்க்கிறேன்.

அங்கேயே நில்லுங்க, பரவால்ல. கிட்ட வாங்கன்னு நான் சொல்லலை. அங்கியை இழுத்து இடுக்கிக்கிட்டீங்களே, நான் உக்கார்ந்திருக்கிற முக்காலியில பட்டுடப் போகுதுன்னு. பார்த்துட்டுத்தான் இருந்தேன். கூச்சப்படாதீங்க, எனக்கு இது பழக்கம். போன வெள்ளிக்கிழமை உள்ளத்தோட சுத்தத்தைப் பத்தி பயான் பண்ணீங்களாம், ரொம்ப நல்லா இருந்துச்சாம். பொம்பளைங்க தெருவுல பேசிக்கிட்டுப் போனாங்க. என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கமா ஒதுங்கிப் போனாங்க.

நான் எழுந்திருக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க பார்ப்போம். வேற ஆளா? அடுத்த மஹல்லாவுல அக்கா தங்கச்சி ரெண்டு பேர் இந்த வேலை பார்க்கிறாங்க, அவங்களைத்தானே சொல்றீங்க. காலையிலேயே அவங்களுக்கு போன் போட்டுட்டேன். வரமாட்டாங்க. அப்ப முகர்ரமையே குளிப்பாட்டச் சொல்லுங்களேன். மாமியார்தானே, மகளா வச்சிருந்தேன்னு மார்ல அடிச்சுக்கிட்டு அழறாளே. நாத்தனாருங்க ரெண்டு பேர் இருக்காளுங்க. சொந்தக்காரங்க குளிப்பாட்டுறதுக்கு மார்க்கத்துல தடை இருக்கா? இல்லைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா ஒருத்தி வருவாளா? செத்தாலும் வரமாட்டா. ஒரு செம்பு தண்ணி மொண்டு ஊத்தினா போதும், நாளையிலேருந்து அவளும் மையத்து குளிப்பாட்டுறவ ஆயிடுவா. அவ சுட்ட ரொட்டியை நாய்க்குப் போடுவாங்க. இந்த ஊரோட அருவருப்புதான் இன்னைக்கு எனக்குப் பூட்டும் சாவியும். வேற காவல் எனக்கு எதுக்கு?

பொறந்ததிலேருந்து நான் இந்த வேலைக்காரி இல்ல தம்பி. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் உங்க உஸ்பெக் ஜனமே இல்ல. அலாய் மலை மேல பொறந்த கிர்கிஸ் பொம்பளை. பேரு புருல். என் புருஷன் தோலிப் கம்பளி ஏத்த லாரி எடுத்துக்கிட்டு மலைக்கு வருவாரு, அப்படிப் பழகி, கட்டிக்கிட்டு கீழ வந்தேன். எங்க மலையில ஒரு பொம்பளை செத்தா, யார் குளிப்பாட்டுறதுன்னு பெரியவங்க உக்கார்ந்து பேர் சொல்லுவாங்க. சம்பந்தி வீட்டுல ஒருத்தி, பக்கத்துக் கிளையில ஒருத்தின்னு. பேர் சொன்னா அது பெரிய மரியாதை. செத்தவ துணியைக் குளிப்பாட்டினவளுக்குக் குடுப்பாங்க, அதைப் போட்டுக்கிட்டு அவ தலை நிமிர்ந்து நடப்பா. என் பேரை விட்டுட்டாங்களேன்னு வருஷக்கணக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தவளுங்க உண்டு. அப்படி ஒரு இடத்துலேருந்து வந்தவ நான்.

கல்யாணமாகி மூணாவது வருஷம் என் மாமியார் மௌத்தாயிட்டாங்க. ஜூலை மாசம். ஊர்ல இருந்த குளிப்பாட்டுறவ எங்கேயோ வெளியூர் போயிருக்கா. காலையில போன உசுரு, மத்தியானம் ஆகியும் கூடத்துல கிடக்குறாங்க. எல்லாரும் குளிப்பாட்டுறவ வரட்டும், வரட்டும்னு கதவையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலை. இத்தனை பொம்பளைங்க இருக்காங்களே, எதுக்கு வெளியாளுன்னு நினைச்சேன். மருமக எனக்குத்தான் அந்த உரிமைன்னு நினைச்சுக்கிட்டேன், பாருங்க என் புத்தியை. கையைச் சுருட்டிக்கிட்டு எழுந்தேன். தண்ணியைச் சுட வச்சு முழங்கையில ஊத்திப் பார்த்தேன், கைக்குழந்தைக்குப் பார்க்கிற மாதிரி. ஆசையா குளிப்பாட்டினேன். முடிச்சுட்டு வெளியில வந்தா ஒரு பயலும் பேசலை. என்னைப் பாராட்டுறதுக்கு வார்த்தை வரலைன்னு நினைச்சேன் தம்பி. அந்தக் கூத்தை இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது.

மறுநாள் ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்துக்குக் குடுத்தேன். முந்தின வாரம் வரைக்கும் என்கூட ஒரே தட்டுல மாவு பிசைஞ்சவ, வாங்கிக்கிட்டா, கதவைச் சாத்தினா. சாயங்காலம் பார்க்கிறேன், வாய்க்கால்ல மிதக்குது. நாலு வீட்டு ரொட்டியும் ஒண்ணு பின்னால ஒண்ணா மிதந்து போகுது. இந்த ஜனங்க ரொட்டித்துண்டு தரையில கிடந்தா எடுத்து முத்தம் குடுத்து உயர வைக்கிற ஜனங்க. அப்படிப்பட்டவங்க என் ரொட்டியை வாய்க்கால் தண்ணியில விட்டாங்க. ஆறு மாசத்துல ஊர்ல இன்னொரு பொம்பளை செத்தா, ஆள் அனுப்பினாங்க. தோலிப் வீட்டுக் குளிப்பாட்டுறவளைக் கூப்பிடுன்னு. என் பேரையே மறந்துட்டாங்க. போகலைன்னா அந்த மையத்து நாறும். போனேன். போகாம என்ன பண்றது?

இதுல எது கேவலம் தெரியுமா? அவங்க பார்த்த பார்வை மெல்ல மெல்ல எனக்குள்ள இறங்கிடுச்சு. நாலஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாள் மாவு பிசையும்போது என் கையை நானே மோந்து பார்க்கிறேன். என் புள்ளை வாயில சோறு ஊட்டுறப்ப கரண்டியைத் தேடினேன். ஊரு ஒருத்தியை அசிங்கம்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அவ ஒரு நாள் சரின்னு ஒத்துக்கிடுவா. நான் ஒத்துக்கிட்டேன். என் புருஷன் நல்லவருதான், சாகுற வரைக்கும் என் கையாலதான் சாப்பிட்டாரு. ஆனா வெளியில கேட்டா, எங்க வீட்டுல கடை ரொட்டிதான்னு சொல்லிடுவாரு. அதுவும் எனக்குத் தெரியும்.

மையத்து எனக்கு அருவருப்பு இல்ல தம்பி. சீழைத் துடைச்சிருக்கேன், மலத்தைத் துடைச்சிருக்கேன், பத்து நாள் படுக்கையில புழுத்த முதுகைக் கழுவியிருக்கேன். அதெல்லாம் உடம்பு. உடம்புன்னா அப்படித்தான் இருக்கும். எனக்கு வாந்தி வர்றது உசுரோட இருக்கிறவங்களைப் பார்த்துதான். தாயைக் குளிப்பாட்ட என்னைக் கூப்பிட்டு, என் கைபட்ட செம்பைக் குச்சியால தள்ளிக்கிட்டுப் போய் உடைக்கிறானே மகன், அவனைப் பார்த்துதான் எனக்குக் குமட்டும்.

அதையும் கேப்பீங்கன்னு தெரியும். அல்லா மேல ஈமான் இருக்கான்னுதானே, இருக்கு. உங்களை மாதிரி கிதாபுல படிச்சு வந்தது இல்ல. பள்ளிக்கூடத்துல கடவுள் இல்லைன்னு கட்டுரை எழுதி அஞ்சுக்கு அஞ்சு வாங்கினவ நான், அப்ப ருஷ்யாக்காரன் காலம். அப்புறம் இந்த வேலைக்கு வந்தேன். ஒவ்வொரு மையத்துக்கும் தண்ணி சூட்டைப் பார்த்துத்தான் ஊத்துவேன். ஒரு தடவை சரியா பார்க்காம சூடா ஊத்திட்டு, ஐயோ சுட்டுடுச்சா கண்ணுன்னு வாய்விட்டுக் கேட்டுட்டேன். யாரைக் கேட்டேன்? செத்துப் போனவளை. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, நான் எதையோ நம்புறேன்னு. அதுக்கு மேல எனக்கு விவரமா சொல்லத் தெரியாது.

இருங்க, ஏன் இன்னும் குளிப்பாட்டலைன்னுதானே, அதுக்குத்தான் வர்றேன். உங்களுக்கு முன்னால இருந்த பழைய இமாம் எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுத்தாரு. குளிப்பாட்டுறவ கண்ணு எதையும் பார்க்கலாம், வாய் எதையும் சொல்லக்கூடாது. உடம்புல குறை இருக்கும், தழும்பு இருக்கும், அசிங்கம் இருக்கும். பார்த்ததை அந்த ரூம்லேயே விட்டுட்டு வரணும், அதுதான் உனக்கு நன்மைன்னாரு. நான் அதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். ஊர்ல எவளுக்கும் இல்லாத ஒழுக்கம் எனக்கு இருக்குன்னு ஒரு கர்வம். எல்லா வீட்டு ரகசியமும் என் வயித்துல இருக்கு, ஒண்ணு வெளியில வந்ததில்ல. என்னைத் தொட அருவருக்கிறீங்களா, உங்க மானத்தை நான்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அந்த ஒரு நினைப்புலதான் தெருவுல நடந்தேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால இதே வீடு, இதே ரூம். முகர்ரமோட மகன் ஷுஹ்ரத்துக்கு இவளுக்கு முன்னால ஒரு பொண்டாட்டி இருந்தா, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. சவோதத். பட்டுப்புழுவுக்கு இலை வெட்ட முசுக்கட்டை மரத்துல ஏறினா, வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னாங்க. ஊரே நம்புச்சு, மே மாசம் எல்லா வீட்டுப் பொம்பளைங்களும் ஏணியில நிக்கிற காலம். நான் துணியை எடுத்துப் பார்த்தேன். எலும்பு முறியலை. உடம்புல ஒரு சிராய்ப்பு இல்ல. கழுத்துல இந்தப் பக்கம் நாலு தடம், அந்தப் பக்கம் ஒண்ணு. என் விரலை வச்சுப் பார்த்தேன், என் விரலை விடப் பெரிசு. முசுக்கட்டை மரத்துக்கு விரல் இருக்கா தம்பி?

நேரா பழைய இமாம்கிட்ட போனேன். கதவுக்கு வெளியில நின்னுதான் சொன்னேன், உள்ள யாரு விடுவா. அவரு தாடியைத் தடவினாரு. அப்புறம், உனக்குச் சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்குல்லன்னு கேட்டாரு. இருக்குன்னேன். திரும்பி வந்து கஃபனைக் கழுத்து வரைக்கும் நல்லா இழுத்துச் சுத்தினேன். முகத்தை மட்டும் அவ அக்காளுக்குக் காட்டினாங்க. தூங்குற மாதிரி இருக்கான்னு சொல்லி அழுதா அந்தப் பொண்ணு. நானும் ஆமான்னு தலையாட்டினேன்.

அதேதான். நீங்களும் அதையே சொல்றீங்க, மையத்தோட குறையை மறைக்கிறது நன்மைன்னு. குரல் கூட அவரு குரல் மாதிரியே இருக்கு. யாரோட குறை தம்பி? அவ கழுத்துல இன்னொருத்தன் விரல் தடம் இருந்தா, அது அவளோட குறையா? இதைக் கேட்க எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. நீங்க ஏழு வருஷம் படிச்சவரு, இப்பவே பதில் சொல்லுங்க.

இன்னைக்குக் காலையில ஏழு மணிக்குக் கூப்பிட்டாங்க. ராத்திரி நெஞ்சு வலிச்சுதாம், போயிட்டாளாம். இருபத்தி மூணு வயசு நெஞ்சு. டாக்டர் சீட்டு கூட வாங்கி வச்சிருக்காங்க, அந்த டாக்டர் இவளைப் பார்த்தானோ, இவங்க வச்ச பலாவு சோத்துத் தட்டைத்தான் பார்த்தானோ. துணியை இடுப்பு வரைக்கும் விலக்கினேன். அப்படியே மூடிட்டேன். தண்ணி இன்னும் ஊத்தலை. ஒரு சொட்டு ஊத்தலை. வெளியில வந்து கதவைப் பூட்டினேன், முக்காலியைப் போட்டு உக்கார்ந்தேன். எழுந்து ஒண்ணுக்குக் கூடப் போகலை.

போலீஸா? நம்ம மஹல்லா போலீஸ்காரன் வாசல்ல நிக்கிறானே, பார்க்கலையா? இடுப்புல துண்டு கட்டிக்கிட்டு, ஷுஹ்ரத் தோள்ல கை போட்டுக்கிட்டு. நான் சொன்னா புகார் எடுப்பானா? குளிப்பாட்டுறவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு என்னைத்தான் இழுத்துக்கிட்டுப் போவான். அதுவும் தொடணுமே, அதுக்கு யோசிப்பான். பெத்தவ கேட்கணும். பெத்தவ பார்த்துட்டுக் கேட்டா பெரிய டாக்டரை வரவழைச்சே ஆகணும், சட்டம் அப்படி. அதுக்குத்தான் உக்கார்ந்திருக்கேன்.

முகத்தை மட்டும் காட்டலாமா? முகத்துல ஒண்ணும் இல்ல தம்பி. சவோதத் முகத்துலயும் ஒண்ணும் இல்ல. நான் கழுவி, கற்பூரம் வச்சு, சுத்தி முடிச்சுட்டா அப்புறம் அதைப் பிரிக்க எவன் விடுவான்? நீங்க விடுவீங்களா?

ஆமா, அவங்க அம்மா வர்றா. இவங்க சொல்லலை. இவங்க அடக்கம் முடிஞ்சு மூணாம் நாளுக்கு வரச் சொல்லலாம்னு இருந்தாங்க. நான்தான் கதவைச் சாத்திட்டு உள்ளேருந்து போன் போட்டேன். ஜிஸாக்லேருந்து வாடகைக் கார் பிடிச்சு ஏழரைக்குக் கிளம்பினா. கணவாயைத் தாண்டி, கொகந்த் ஊரையும் தாண்டிட்டேன்னு இப்பதான் பேசினா. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். போய்ச் சொல்லுங்க, முகர்ரம்கிட்ட தாராளமா சொல்லுங்க. மரக்கட்டை எடுத்துட்டு வந்து கதவை உடைக்கட்டும். உடைச்சுட்டு உள்ள போய் அவளைத் தொட்டுத் தூக்கணுமே, யாரு தூக்குறான்னு நானும் பார்க்கிறேன்.

அந்த அம்மா நம்பர் எனக்கு எப்படித் தெரியுமா?

அவ என் வீட்டுக்கு வந்திருக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல அவ வாயாலயே கேக்கப் போறீங்க, நானே சொல்லிடறேன். துர்திஹான்னு பேரு. மூணு வருஷத்துக்கு முன்னால பொண்ணைக் குடுக்கறதுக்கு முந்தி விசாரிக்க வந்தா. நம்ம வழக்கம்தானே, மாப்பிள்ளை வீட்டுத் தெருவுல நாலு கதவைத் தட்டி, குடும்பம் எப்படின்னு கேக்கிறது. வெளியூர்க்காரி, யாரு எவருன்னு தெரியாது. முதல்ல தட்டினது என் கதவை. எட்டு மணி நேரம் பஸ்ல வந்த களைப்பு, காலெல்லாம் வீங்கியிருந்துச்சு. உக்காரச் சொன்னேன். டீ ஊத்தினேன். அப்பதான் அடுப்புலேருந்து எடுத்த ரொட்டி, தட்டுல வச்சேன். வச்சுட்டு அவ கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அவ பிஸ்மி சொல்லிட்டு பிட்டு வாயில போட்டா. அக்கா, எங்க அம்மா சுடுற மாதிரியே இருக்குன்னா. இருபத்தெட்டு வருஷம் தம்பி. என் வீட்டு ஆளுங்களைத் தவிர ஒரு வாய் என் ரொட்டியைத் தின்னு நான் பார்க்கலை. தின்னுக்கிட்டே சிரிச்சா. என் கையைப் பிடிச்சா, இந்தக் கையை. இன்னும் கொஞ்சம் வைங்கன்னா. வச்சேன்.

அப்புறம் கேட்டா, இந்த முகர்ரம் வீடு எப்படி அக்கா, உண்மையைச் சொல்லுங்க, எனக்கு ஒரே பொண்ணுன்னு.

சவோதத் கழுத்து அப்படியே என் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னா, உங்களுக்கெப்படித் தெரியும்னு கேப்பா. அவளைக் குளிப்பாட்டினது நான்தான்னு சொல்லணும். சொன்னா அந்தப் பொம்பளை வாயில இருக்கிறதைத் துப்பிட்டு எழுந்து போவா. மறைக்கிறது நன்மை, இமாம் சொல்லியிருக்காருன்னு அந்த நிமிஷம் நானும் எனக்குள்ள சொல்லிக்கிட்டேன், வெக்கம் கெட்டவ. நன்மையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. அவ இன்னும் ஒரு கப் டீ குடிக்கணும்னு எனக்கு ஆசை.

நல்ல வீடு, ஒரு குறையும் இல்ல, கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணைக் குடுங்கன்னு சொன்னேன்.